ஒரே பட்டனில் ஹோம் தியேட்டர்: ரிமோட்டில் மேக்ரோ அமைக்க முழுமையான வழிகாட்டி

டிவிக்கு ஒரு ரிமோட், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு ஒன்று, ப்ளூரே பிளேயருக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு இன்னொன்று. இந்த நான்கையும் ஒரு யுனிவர்சல் ரிமோட்டுக்குள் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை. ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் ஆன் ஆகி, சரியான இன்புட்டில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. ஒரே பட்டனுக்குள் அடுக்கி வைக்கும் இந்தக் கட்டளை வரிசைக்குத்தான் மேக்ரோ என்று பெயர்.

ரிமோட்டோடு வரும் கையேட்டில் இதை அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள். அதன்படி செய்தால் அன்றைக்கு வேலை செய்யும். ஒரு வாரம் போனால், டிவி ஆன் ஆகும்போது ரிசீவர் ஆஃப் ஆகும். இதற்குக் காரணம் ஒன்றுதான். ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) ரிமோட்டுக்கு வாய் உண்டு, காது கிடையாது. கட்டளையை வீசும், அது போய்ச் சேர்ந்ததா, டிவி ஏற்கெனவே ஆனில் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆகவே, எந்தச் சாதனம் எந்த நிலையில் இருந்தாலும் முடிவு ஒன்றாகவே வருகிற மாதிரி வரிசையை அமைக்க வேண்டும். கீழே உள்ள எல்லாமே இதற்காகத்தான்.

இது இன்றைய சிக்கலும் இல்லை. ஆப்பிளை விட்டு வந்த ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-இல் கோர் என்ற பெயரில் வெளியிட்ட புரோகிராமபிள் ரிமோட் காலத்திலிருந்தே உண்டு. லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட்கள் எந்தச் சாதனம் ஆனில் இருக்கிறது என்பதைத் தாங்களே நினைவில் வைத்துக்கொண்டன. ஆனால் ஒரு சிக்னல் தவறினால் அந்த நினைவும் பிசகிவிடும். அதனால்தான் அதில் ஹெல்ப் என்று ஒரு பட்டன் வைத்து, ‘டிவி ஆன் ஆகியிருக்கிறதா?’ என்று நம்மையே கேட்டார்கள். 2021-இல் ஹார்மனி தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். இங்கே உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது எளிதில் கிடைக்கும் ஒன் ஃபார் ஆல் வகை ரிமோட்டை. வேறு ரிமோட் வைத்திருந்தாலும் பட்டன்கள்தான் மாறும், யோசனை மாறாது.

ரிமோட்டைத் தொடுவதற்கு முன்

ஒரு தாளில் சாதனங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயங்கள் வேண்டும்.

1. பவர் பட்டன் ஒன்றா, இரண்டா? ஒரே பட்டன் ஆனும் ஆஃபும் செய்கிறதா, அல்லது ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனியா?
2. பவரைத் தவிர வேறு எந்தப் பட்டன் அதை ஸ்டாண்ட்பையிலிருந்து எழுப்புகிறது?
3. பவர் அழுத்தியதிலிருந்து எத்தனை செகண்டு கழித்து அடுத்த கட்டளையை ஏற்கிறது?
4. கரண்ட் போய் வந்தால் ஆனில் வருகிறதா, ஸ்டாண்ட்பையில் வருகிறதா, கடைசியாக இருந்த நிலைக்கே வருகிறதா?

நான்காவதை வெளிநாட்டு வழிகாட்டிகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. நம் ஊரில் அதுதான் முக்கியம். பல செட்டாப் பாக்ஸ்கள் கரண்ட் வந்ததும் தாமாகவே ஆன் ஆகிவிடும். ரிசீவர் பெரும்பாலும் ஸ்டாண்ட்பையில் நிற்கும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒரு முறை கரண்ட் போய் வந்தால் போதும், உங்கள் மேக்ரோவின் கணக்கு தலைகீழாகிவிடும். பிளக் பாயிண்டை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவதற்குப் போனில் ஸ்டாப்வாட்ச் போதும். பவரை அழுத்தியதும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, மியூட் பட்டனை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். திரையில் மியூட் அடையாளம் முதன்முதலில் வருகிற நேரம்தான் டிவி காதைத் திறக்கும் நேரம். கூட இரண்டு செகண்டு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படம் வந்துவிட்டது என்பதால் டிவி கட்டளையை ஏற்கத் தயார் என்று அர்த்தம் இல்லை. ஸ்மார்ட் டிவிகளில் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும்.

பவர் பட்டன்: தொல்லையின் மூலம்

ஒரே பட்டன் ஆனையும் ஆஃபையும் மாற்றி மாற்றிச் செய்தால் அதை டாகிள் என்பார்கள். மேக்ரோவுக்கு அது பகை. ஆனுக்கு ஒரு குறியீடு, ஆஃபுக்கு ஒரு குறியீடு என்று பிரிந்திருந்தால் கவலையே இல்லை. ஏற்கெனவே ஆனில் இருக்கும் டிவிக்கு ‘ஆன்’ அனுப்பினால் அது பேசாமல் இருந்துவிடும்.

ரிமோட்டில் ஒரே பட்டன் இருப்பதாலேயே சாதனத்துக்குத் தனிக் குறியீடு தெரியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சோனி, சாம்சங், எல்ஜி போன்ற பெரிய கம்பெனி டிவிகள் பலவற்றுக்குத் தனி ஆன், தனி ஆஃப், தனி எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 குறியீடுகள் தெரியும். ரிமோட்டில்தான் அவற்றுக்குப் பட்டன் வைக்கவில்லை. யுனிவர்சல் ரிமோட் ஆர்வலர்கள் இவற்றைப் பல ஆண்டுகளாகத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிரான்டோ ஹெக்ஸ் என்ற வடிவில், நான்கு நான்கு இலக்கங்களாக நீண்ட வரிசையில் கிடைக்கும். அதன் தொடக்கத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்: 0000 0067 என்று தொடங்கினால் 40 கிலோஹெர்ட்ஸ், சோனி பயன்படுத்தும் அலைவரிசை, 0000 0073 என்றால் 36, பிலிப்ஸின் ஆர்சி-5 முறை. மற்றவை பெரும்பாலும் 38-ஐ ஒட்டி வரும்.

சரி, அந்த எண்களை ரிமோட்டுக்குள் எப்படி ஏற்றுவது? கற்றுக்கொள்ளும் வசதி உள்ள ரிமோட்டாக இருந்தால் ஒரு வழி உண்டு. ஐஆர் உமிழும் போன் ஒன்று வேண்டும். ஷாவ்மியின் ரெட்மி போன்கள் பலவற்றில் இது இருக்கிறது. ஹெக்ஸ் குறியீட்டை ஏற்கும் ஆப் ஒன்றைப் போட்டு, குறியீட்டை ஒட்டி, முதலில் டிவியை நோக்கி அனுப்பிப் பாருங்கள். டிவி பதில் சொன்னால் அதே போனை யுனிவர்சல் ரிமோட்டுக்கு நேராக வைத்து, அதையே ‘ஒரிஜினல் ரிமோட்’ ஆக்கிக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

தனிக் குறியீடு கிடைக்காத சாதனத்துக்கு இரண்டாவது வழி, வேறு பட்டனால் எழுப்புவது. யமஹா ரிசீவர்களில் உள்ள சீன் பட்டன்கள் இதற்கென்றே பிறந்தவை. ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் எழுப்பி, இன்புட்டையும் ஒலி முறையையும் சேர்த்தே மாற்றிவிடும். வேண்டிய இன்புட்டையும் முறையையும் வைத்துவிட்டு, அந்த சீன் பட்டனை அழுத்திப் பிடித்தால் முகப்புத் திரையில் ‘செட் கம்ப்ளீட்’ என்று வரும், அவ்வளவுதான். டெனான் ரிசீவர்களில் இன்புட் பட்டனை அழுத்தினாலே ஸ்டாண்ட்பையிலிருந்து எழுந்துவிடும். ப்ளூரே, டிவிடி பிளேயர்கள் பலவற்றை ப்ளே பட்டனோ ஓபன் பட்டனோ எழுப்பும். ஓபனைப் பயன்படுத்தினால் ட்ரே வெளியே வரும். எப்படியும் டிஸ்க் போடத்தானே போகிறோம் என்பதால் படம் பார்க்கும் மேக்ரோவில் அது குறையே இல்லை.

இந்த ‘எழுப்பும் பட்டன்’ கிடைத்துவிட்டால் ஆஃப் செய்வதும் கைக்கு வந்துவிட்டது. முதலில் எழுப்பும் பட்டன், பிறகு இடைவெளி, பிறகு டாகிள் பவர். முதல் கட்டளைக்குப் பிறகு சாதனம் நிச்சயமாக ஆனில்தான் இருக்கும். எனவே பவர் அதை நிச்சயமாக அணைக்கும். அணைந்திருந்த சாதனத்தை எழுப்பி அணைப்பது சுற்றுவழிதான், ஆனால் பிசகாத வழி.

எதுவுமே ஒத்துவராத சாதனம் என்றால், அது பெரும்பாலும் செட்டாப் பாக்ஸாகத்தான் இருக்கும். அதை மேக்ரோவிலேயே சேர்க்காதீர்கள். எப்போதும் ஆனில் விட்டுவிடலாம். பழைய பாக்ஸ்கள் பலவும் ஸ்டாண்ட்பையிலும் கிட்டத்தட்ட அதே அளவு மின்சாரம்தான் இழுக்கின்றன. மெனுவில் தானாக உறங்கப் போகும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

இன்புட்

டிவியின் சோர்ஸ் பட்டன் ஒரு பட்டியலைத் திறக்கும். அதில் மேலே கீழே போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் இருக்கிற நமக்கு அது சரி, மேக்ரோவுக்கு உதவாது. தனி எச்டிஎம்ஐ குறியீடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பட்டியல் கடைசியிலிருந்து முதலுக்குச் சுற்றி வராத டிவிகளில் ஒரு தந்திரம் செய்யலாம். பட்டியலைத் திறந்து, அதில் ஆறு வரிகள் இருந்தால் எட்டு முறை மேலே அம்பு. எங்கிருந்து தொடங்கினாலும் உச்சியில் போய் முட்டி நிற்கும். அங்கிருந்து எண்ணிக் கீழே வரலாம். ஆனால் இது மேக்ரோவின் பாதி இடத்தைத் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால், டிவியின் இன்புட்டைத் தொடவே வேண்டாத மாதிரி கேபிளை மாற்றிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். எல்லாச் சாதனங்களையும் ரிசீவரில் செருகுங்கள். ரிசீவரிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ டிவிக்குப் போகட்டும். இன்புட் மாற்றுவது முழுக்க ரிசீவரின் வேலையாகிவிடும். ரிசீவர் ரிமோட்டில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனிப் பட்டன் இருப்பது வழக்கம். டிவி ஹோம் திரையில் போய் நிற்கிறது என்றால், ஆன் ஆகும்போது எந்த இன்புட்டில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பு அதன் மெனுவில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஒலி அளவையும் மேக்ரோவில் வைக்கப் பார்க்காதீர்கள். வால்யூம் பட்டன் இருக்கிற இடத்திலிருந்து கூட்டிக் குறைக்கத்தான் செய்யும். ஆன் ஆகும்போது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று ரிசீவர் மெனுவிலேயே வைக்கலாம். யமஹாவில் அது இனிஷியல் வால்யூம், டெனானில் பவர் ஆன் லெவல்.

சிஇசி என்ற இரண்டாவது சமையல்காரர்

எச்டிஎம்ஐ கேபிள் வழியாகச் சாதனங்கள் ஒன்றையொன்று ஆன், ஆஃப் செய்துகொள்ளும் வசதி சிஇசி. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்று ஆளுக்கொரு பெயர். இது ஓடிக்கொண்டிருக்கும்போது டாகிள் பவர் உள்ள மேக்ரோவை வைத்தால், டிவி ஆன் ஆனதும் சிஇசி ரிசீவரை எழுப்பும். அடுத்த நொடி உங்கள் மேக்ரோ பவர் அனுப்பி அதை அணைக்கும். ‘ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை’ என்ற புகார்களில் பெரும்பகுதி இதனால்தான்.

பவரை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடுங்கள். மேக்ரோ என்றால் எல்லாச் சாதனங்களிலும் சிஇசியை அணையுங்கள். டிவியின் ஒலியை ஏஆர்சி (அதே எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு எடுக்கிறீர்கள் என்றால் பெரும்பாலான சாதனங்களில் சிஇசியை அணைக்க முடியாது, ஏஆர்சியும் கூடவே போய்விடும். அப்போது ரிசீவர் மெனுவில் பவர் கட்டுப்பாட்டை மட்டும் தனியாக அணைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பவரைச் சிஇசியிடமே விட்டுவிட்டு, மேக்ரோவில் இன்புட்டையும் ஒலி முறையையும் மட்டும் வையுங்கள்.

வரிசையும் இடைவெளியும்

முதலில் திரை, அடுத்து ரிசீவர், கடைசியில் பிளேயர். பிளேயர் விழிக்கும்போது எதிர்முனையில் என்ன திரை, என்ன ஒலி வசதி என்று எச்டிஎம்ஐ வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்த நேரத்தில் டிவியும் ரிசீவரும் தூங்கிக்கொண்டிருந்தால் குறைந்த தெளிவிலோ வெறும் ஸ்டீரியோவிலோ நின்றுவிடலாம். சில சமயம் திரையே கறுப்பாக இருக்கும்.

நல்ல ரிமோட்களில் கட்டளைகளுக்கு நடுவே இடைவெளி நுழைக்கலாம். சாதா ரிமோட்களில் அது இருக்காது. எல்லாவற்றையும் சரசரவென்று அனுப்பிவிடும். உதவாத கட்டளைகளைப் போட்டு நேரத்தை நிரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பரவலாக உள்ள என்இசி முறையில் ஒரு கட்டளை 67.5 மில்லிசெகண்டு. பத்துப் போட்டாலும் ஒன்றிரண்டு செகண்டுக்கு மேல் தேறாது. டிவிக்கோ எட்டு, பத்து செகண்டு வேண்டும். அதைவிட, மெதுவாக விழிக்கும் சாதனத்துக்கு முதலில் பவர் அனுப்பி, அது விழிக்கும் நேரத்தில் மற்றவற்றின் வேலையை முடித்து, கடைசியில் அதனிடம் திரும்பி வருவது மேல். அதுவும் போதவில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் இரண்டு மேக்ரோவாகப் பிரியுங்கள். சிவப்புப் பட்டன் எல்லாவற்றையும் ஆன் செய்யட்டும். டிவி தயாரானதும் பச்சைப் பட்டன் இன்புட்டை மாற்றட்டும்.

பட்டன்களைக் கற்றுக்கொடுத்தல்

முதலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய நான்கு இலக்கக் குறியீட்டு எண்ணைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள். அதில் வராத பட்டன்களை மட்டும் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொள்ளும் வசதியுள்ள ஒன் ஃபார் ஆல் மாடல்களில் வழக்கமான முறை இது:

1. எந்தச் சாதனமோ அதன் பட்டனை அழுத்துங்கள்.
2. அமைப்புகளைத் தொடங்கும் மேஜிக் பட்டனை, விளக்கு இரண்டு முறை சிமிட்டும் வரை பிடியுங்கள்.
3. 975 அழுத்துங்கள்.
4. எந்தப் பட்டனில் பதிய வேண்டுமோ அதை அழுத்துங்கள்.
5. இரண்டு ரிமோட்களையும் மேசையில் தலைக்குத் தலை, இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, பழைய ரிமோட்டின் பட்டனைப் பிடியுங்கள். விளக்கு இரண்டு முறை சிமிட்டினால் பதிந்துவிட்டது. நீளமாக எரிந்தால் பதியவில்லை.
6. முடிந்ததும் மேஜிக் பட்டனை மறுபடி பிடித்து வெளியே வாருங்கள்.

ட்யூப் லைட், சிஎஃப்எல் வெளிச்சத்துக்கு நேர் கீழேயும், ஜன்னல் வெயிலிலும் இதைச் செய்ய வேண்டாம். பழைய ரிமோட்டில் புது பேட்டரி இருக்கட்டும். அது சிக்னல் அனுப்புகிறதா என்று சந்தேகம் வந்தால், முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறமாக மின்னுவது தெரியும்.

ஒரு நுணுக்கம் உண்டு. பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பிட் மாறி மாறிப் போகும். ஒரே பட்டனை இரண்டு முறை அழுத்தினீர்களா, அழுத்திப் பிடித்திருக்கிறீர்களா என்பதைச் சாதனம் அதை வைத்துத்தான் பிரித்தறிகிறது. கற்றுக்கொண்ட ரிமோட் அந்த பிட்டை உறைந்த நிலையில் திருப்பி அனுப்பும். விளைவு, மேக்ரோவில் சேனல் 11 போக 1, 1 என்று வைத்தால் ஒரே 1 ஆகப் படிக்கும். அப்படி நடந்தால் கற்றுக்கொடுத்ததை நீக்கிவிட்டு, ரிமோட்டில் உள்ள குறியீட்டு எண் வழியாகவே அந்தப் பட்டனை அமையுங்கள்.

மேக்ரோவைப் பதிதல்

டிவி, யமஹா ரிசீவர், ப்ளூரே பிளேயர் மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிவிக்குத் தனி ஆன் குறியீட்டைச் சிவப்புப் பட்டனில் கற்றுக்கொடுத்துவிட்டோம். ரிசீவரின் ப்ளூரே சீன் பட்டனும் கற்றாயிற்று.

1. மேஜிக் பட்டனை இரண்டு சிமிட்டல் வரை பிடியுங்கள்.
2. 995.
3. மேக்ரோ உட்கார வேண்டிய பட்டன். அந்தப் பட்டனின் பழைய வேலை போய்விடும் என்பதால், எந்தச் சாதனத்திலும் உபயோகிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
4. டிவி, சிவப்பு.
5. ரிசீவர், ப்ளூரே சீன்.
6. பிளேயர், ஓபன்.
7. மேஜிக் பட்டனைப் பிடித்து முடியுங்கள்.

ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சாதனப் பட்டன் வருவதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் டிவிக்குப் போக வேண்டியது ரிசீவருக்குப் போகும். சாதனப் பட்டனும் கணக்கில் சேரும். ஒரு மேக்ரோவுக்கு இத்தனை அழுத்தங்கள்தான் என்ற வரம்பு மாடலுக்கு மாடல் மாறும், பல மாடல்களில் 15. வரிசை பிளேயரில் முடிகிறது. எனவே மேக்ரோ ஓடி முடிந்ததும் ரிமோட்டும் பிளேயரிலேயே நிற்கும், ப்ளே, பாஸ் எல்லாம் நேரடியாக வேலை செய்யும். வால்யூம் மட்டும் எப்போதும் ரிசீவருக்கே போக வேண்டும் என்றால் அதற்குத் தனி அமைப்பு உண்டு, 993-இல் தொடங்கும். அதன் பிறகு அழுத்த வேண்டியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணைக்கும் மேக்ரோவின் வரிசை இது: பிளேயர் ப்ளே, டிவி தனி ஆஃப், ரிசீவர் ஆஃப், பிளேயர் பவர். ப்ளேக்கும் பவருக்கும் நடுவே மற்ற இரண்டையும் நுழைத்ததும் நேரம் வாங்கத்தான். பிளேயர் அதற்குள் விழிக்கவில்லை என்றால் இடைவெளி நுழைக்க வேண்டும். அது முடியாத ரிமோட் என்றால் பிளேயரை மேக்ரோவிலிருந்து எடுத்துவிட்டு, அதன் தானியங்கி ஆஃப் வசதியை நம்புங்கள். டிவிக்குப் பதில் புரொஜெக்டர் என்றால், பலவும் ‘அணைக்கவா?’ என்று கேட்டு இரண்டாம் முறை பவரை எதிர்பார்க்கும். அந்த இரண்டாவது அழுத்தலையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். அணைந்த பிறகு விசிறி ஓடும்போது பிளக்கை அணைக்க வேண்டாம்.

சோதனை

மூன்று சாதனம் என்றால் ஆன், ஆஃப் சேர்க்கைகள் எட்டு. எட்டிலும் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. குறைந்தது எல்லாம் ஆஃப், எல்லாம் ஆன், டிவி மட்டும் ஆன், கரண்ட் போய் வந்த நிலை ஆகிய நான்கையாவது பாருங்கள். ‘எல்லாம் ஆன்’ நிலையில் மேக்ரோவை அழுத்தி, எதுவும் அணையாமல் இருந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பிளேயரின் ட்ரே மட்டும் திறந்திருந்தால் மூடிக்கொள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வீட்டில் மற்றவர்கள் அழுத்தினால் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அவர்கள் கையைப் பாருங்கள். பட்டனை அழுத்திவிட்டு உடனே ரிமோட்டைச் சோபாவில் போட்டிருப்பார்கள். டிவி மட்டும் ஆன் ஆகியிருக்கும். மீதிக் கட்டளைகள் தலையணைக்குள் போயிருக்கும். விளக்கு சிமிட்டி முடியும் வரை சாதனங்களை நோக்கியே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை என்றால், பிராட்லிங்க் போன்ற வைஃபை ஐஆர் ஹப் ஒன்றை டிவிக்கு எதிரே வைத்துவிடலாம். சிக்னல் ஹப்பிலிருந்து போவதால் கை எங்கே இருந்தாலும் கவலை இல்லை, இடைவெளியையும் ஆப்பில் செகண்டு கணக்கில் வைக்கலாம். ஆனால் அதற்குப் போனைத் தேடி, திறந்து, ஆப்பை எடுக்க வேண்டும். இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு பட்டனுக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம். வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும்.

ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்கள் இத்தனையும் படித்துவிட்டு அதற்கும் குறியீட்டு எண் தேட வேண்டாம். அதில் ஐஆர் கண்ணே இல்லை. அதன் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. ரிசீவரை அதன் இன்புட்டுக்குக் கொண்டுபோவதோடு மேக்ரோவை நிறுத்திவிட்டு, அந்தச் சின்ன ரிமோட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.